ஒப்பீட்டுக் குடும்பம்

"கொட்டகை இருக்கா?" என்று நொமுந்தாரி கேட்டாள். பதில் தெரிந்த கேள்வி. 'இல்லை' என்ற கட்டத்தில் பேனா முனை முன்கூட்டியே போய் உட்கார்ந்திருந்தது.

"இருக்கு," என்றார் தம்தின்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

நான்கு இலையுதிர் காலங்களாக இதே கூடாரத்தில், இதே முக்காலியில் உட்கார்ந்து, இதே ஆட்டுக்காரரிடம் இதையே கேட்டு வருகிறாள். முந்தைய நான்கு முறையும் 'இல்லை'தான்.

"காய்ந்த புல் சேத்து வெச்சிருக்கீங்களா?"

"முந்நூறு கட்டு."

"சினை ஆடுகளைத் தனியா அடைக்கிறீங்களா?"

"வடக்குப் பக்கம் தடுப்பு போட்டிருக்கேன். வா, காட்டறேன்."

காட்டினார். கல்லும் சாணமும் குழைத்து எழுப்பிய சுவர், பழைய லாரித் தகரத்தில் கூரை. கோணலாக இருந்தாலும் காற்று நுழைய ஓர் ஓட்டை இல்லை.

நொமுந்தாரி படிவத்தின் முதல் பக்கத்தைத் திருப்பித் திட்டத்தின் பெயரை மறுபடி படித்தாள்.

கொடும்பனியில் மந்தைகள் செத்துவிழாமல் காக்க வெளிநாட்டார் நிதியில் வந்த திட்டம் அது. ஆற்றுக்கு அக்கரையில் பதினைந்து குடும்பங்களுக்குக் கொட்டகை, புல், பயிற்சி, ஆளுக்கொரு நீலத் தொப்பி. இக்கரையில் பதினைந்து குடும்பங்களுக்குக் கேள்விகள் மட்டும். உதவி பெற்றவர்கள் எவ்வளவு முன்னேறினார்கள் என்று அளக்க, உதவி பெறாதவர்களும் வேண்டுமே. அலுவலகத்தில் அவர்களுக்கு ஒப்பீட்டுக் குடும்பங்கள் என்று பெயர். அந்தப் பெயரை அவர்களிடம் சொல்லக் கூடாது என்பது விதி.

இக்கரை அப்படியே கிடந்தால்தான் அக்கரை உயர்ந்ததாகத் தெரியும்.

"யாரு கொடுத்தா இதெல்லாம்?" என்று கேட்டாள். அக்கரைச் சாமான் ஆறு தாண்டி வந்துவிட்டதோ என்று சந்தேகம்.

"யாரும் கொடுக்கல." தம்தின் தரையைப் பார்த்தார். "வருஷா வருஷம் உலான்பாத்தர்லேருந்து இடுப்பு ஒடிய வண்டியில வர்றே. கொட்டகை இருக்கா, புல் இருக்கான்னு கேக்கறே. எத்தனை தடவைதான் தங்கச்சி, இல்ல இல்லன்னே சொல்றது? மனுஷனுக்கு வெக்கமா இருக்காதா?"

அடுத்த இரண்டு நாளில் மற்ற வீடுகளிலும் இதே கதை. பதினைந்தில் பன்னிரண்டு வீட்டில் கொட்டகை இருந்தது. அக்கரையில் அவள் போன வாரம் பார்த்ததில் உருப்படியாக நின்றவையும் பன்னிரண்டுதான். அங்கே மீதி மூன்று கொட்டகைகளின் கதவு பெயர்ந்து விழுந்துவிட்டது. திட்டத்துக்காரர்கள் வந்து மாட்டித் தருவார்கள் என்று தொப்பியோடு காத்திருந்தார்கள்.

அலைபேசிக்குக் குன்றின் உச்சியில்தான் சிக்னல். மூச்சு வாங்க ஏறித் திட்டத் தலைவர் கன்சுக்கைக் கூப்பிட்டாள்.

"ரெண்டு கரையும் சமமா? அப்போ திட்டத்தால பலன் பூஜ்யம்னு ஆயிடுமேம்மா!"

"திட்டத்தால பூஜ்யம்தான் தலைவரே. ஆனா கேள்வியால பலன் இருக்கு. கேட்டதுக்கே கட்டியிருக்காங்க."

"கேள்விக்கு யாரு நிதி தருவா? கொட்டகைன்னா மேல சின்னம் ஒட்டிப் போட்டோ எடுக்கலாம். கேள்வி மேல எங்க ஒட்டறது?" அவரே முடிவும் சொன்னார். "இக்கரை வீடுங்க பூராத்தையும் நீக்கிடு. தரவு கெட்டுப்போச்சுன்னு எழுது."

"பதினஞ்சையும் நீக்கிட்டா எதோட ஒப்பிடறது?"

"ஒப்பிட ஆளே இல்லன்னா நாம ஜெயிச்ச மாதிரிதானே?"

பதினோரு வருடங்களில் அவள் இருபத்தேழு மதிப்பீட்டு அறிக்கைகள் எழுதியிருக்கிறாள். கிணறுகள், கழிப்பறைகள், கோழிப் பண்ணைகள், மகளிர் குழுக்கள். தன்னால் உலகத்தில் ஒரு துரும்பு அசைந்ததாக அவளுக்குத் தெரிந்து ஒன்றுகூட இல்லை. முதல்முறையாக அசைந்திருக்கிறது. அதைத்தான் நீக்கச் சொல்கிறார்கள்.

"சரி தலைவரே," என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தாள். அடுத்த வேலையும் அவர் கையெழுத்தில்தான் வரவேண்டும்.

விடைபெறப் போனபோது, கூடாரத்தில் தம்தின் விசேஷ நாள் தொப்பியை மாட்டிக்கொண்டு, பரீட்சை எழுதி முடித்த பையனைப் போல உட்கார்ந்திருந்தார்.

"எல்லாம் சரியா சொன்னேனா?"

"எல்லாம் சரி, அண்ணே."

"அப்போ அடுத்த வருஷம் என்ன கேப்பே? இப்பவே சொல்லிடு. முன்னாலயே தெரிஞ்சா தயார் பண்ணிக்குவேன்."

விடை எது என்று கோடி காட்டக் கூடாது. அதுவும் விதிதான்.

நொமுந்தாரி காகிதங்களை அடுக்கினாள். தம்தினின் மனைவி செவெல்மா உப்புப் பால்தேநீரை ஊற்றினார். தேநீர் கிண்ணத்துக்கு ஒரு விரல் தள்ளிப் படிவத்தின் மேலேயே விழுந்தது.

"அய்யோ, வெளிச்சமே பத்தல," என்று சிரித்தபடி செவெல்மா மேலங்கி ஓரத்தால் துடைத்தார். துடைத்ததும் வேறோர் இடத்தை. கூரைத் திறப்பு வழியே உச்சி வெயில் நேராக இறங்கிக்கொண்டிருந்தது.

நொமுந்தாரி படிவத்தை மறுபடி பிரித்தாள். கடைசிப் பக்கத்தைத் திருப்பி மடியில் வைத்தாள். பேனா மூடியைத் திறந்தாள். குரலை அலுவலகக் குரலாக்கிக்கொண்டாள்.

"கேள்வி நாற்பத்தொண்ணு. அண்ணியோட கண்ணை மாகாண ஆஸ்பத்திரியில காட்டியாச்சா?"

தம்தினின் முகம் சுருங்கிப்போனது. மனைவியைப் பார்த்தார். அடுப்பைப் பார்த்தார்.

"இல்ல."

"இல்லன்னு எழுதிக்கறேன்," என்றாள். அவர் பார்க்கும்படி பெரிதாக எழுதினாள். "அடுத்த வருஷம் வந்ததும் முதல்ல இதைத்தான் கேப்பேன்."

"எழுது, எழுது. அடுத்த வருஷம் கேளு, பாத்துக்கலாம்," என்றார் தம்தின், கோபமாக.

வண்டி கிளம்பியபோது அவர் மோட்டார் சைக்கிளின் டாங்கில் குச்சி விட்டுப் பெட்ரோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

படிவத்தில் இருந்தவை நாற்பது கேள்விகள்தான். திட்டம் அந்த வாரத்தோடு முடிகிறது.