கதவு திறக்குற நேரம்

"ஆடின கை அவனோடதுதான், யாரு இல்லைன்னது? மிஷின்தான் பொய். அதான் தப்பு."

பதில் சொல்லிட்டு பஸ் டிரைவர் மறுபடி கம்ப்யூட்டருக்குள்ள மூக்கை நுழைச்சாரு.

கேள்வி கேட்டது அவரோட சம்சாரம். வீட்டு முன்ரூம்லயே போன் ரிப்பேர் கடை வெச்சிருந்தாங்க. ஒரு போனோட வயித்தைத் திறந்து நோண்டிக்கிட்டே அடுத்ததைக் கேட்டாங்க.

"பொய்யின்னா?"

"எமுலேட்டர். பழைய கேம் மிஷின் மாதிரியே கம்ப்யூட்டருக்குள்ள நடிக்கிற சாஃப்ட்வேர். இந்தச் சுண்டெலி அதுலதான் ஆடியிருக்கான்."

டிரைவர் பஸ்ஸை நாப்பதுக்கு மேல ஓட்ட மாட்டாரு. பொறுக்க முடியாம இறங்கி நடந்து போன பயணிங்ககூட உண்டு. ஆனா, முப்பது வருஷத்துக்கு முந்தின ஒரு குகை கேமை உலகத்துலயே சீக்கிரம் முடிச்ச ஆளு அவருதான். முப்பத்தோரு நிமிஷம், எட்டு செகண்ட். ஒரு வருஷமா முதல் இடம். அந்தப் பட்டியலுக்கு இருக்கிற மூணு நடுவர்ல அவரும் ஒருத்தர்.

இப்ப சுண்டெலிங்கிற பேர்ல முகம் தெரியாத ஒருத்தன் ரெண்டு செகண்ட் குறைச்சு முடிச்சு வீடியோ அனுப்பிட்டான். ஒளிக்காம ஒரு வரியும் எழுதியிருந்தான். 'எங்க ஊர்ல அந்த மிஷின் கிடைக்கலை. எமுலேட்டர்ல ஆடினேன். சேத்துக்குவீங்களா?'

ஒரு நடுவர் சேக்கலாம்னாரு. இன்னொருத்தர் கூடவே கூடாதுன்னாரு. டிரைவர் சொல்றதுதான் முடிவு.

"உங்களை முந்தினவனுக்கு நீங்களே நடுவரா? ரொம்ப நல்லா இருக்கு."

"பொறாமையில சொல்லலைம்மா. ஆதாரம் காட்டுறேன். பழைய மிஷின் ஒவ்வொரு கதவு திறக்கும்போதும் கொஞ்சம் திணறும். எமுலேட்டர் திணறாது. மொத்தம் அறுபது கதவு. அதுலயே மூணு செகண்ட் லாபம் பார்த்துட்டான் பய."

வீடியோவை நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு படமா எண்ணினாரு. சுண்டெலியோட முதல் கதவு இருபத்தியோரு படத்துல திறந்தது.

"பாத்தியா! பழைய மிஷின்ல இதைவிட மூணு படம் கூட ஆகும். இப்ப என்னோடதைப் பாரு."

தன்னோட சாதனை வீடியோவைப் போட்டு எண்ணினாரு. இருபத்தியொண்ணு.

கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுட்டு மறுபடி எண்ணினாரு. அதே இருபத்தியொண்ணு.

இதென்னடா வம்புன்னு, நாலு வருஷத்துக்கு முந்தி தான் ஆடின வீடியோவைத் தேடி எடுத்தாரு. இருபத்திநாலு.

"ஏம்மா, மிஷினுக்கு வயசானா வேகம் கூடுமா?"

"மனுஷனுக்கே கூடலையே."

டிரைவருக்குத் தலை சுத்திச்சு. அதே மிஷின். அதே கேம் கேசட். நடுவுல என்ன ஆச்சு?

போன வருஷம் கால் ஒடிஞ்சு மூணு மாசம் வீட்டோட கிடந்தாரு. துணைக்கு இருந்தது அந்த மிஷின் ஒண்ணுதான். ஒருநாள் அதுவும் புகைஞ்சு போச்சு. ரெண்டு வேளை சாப்பிடாம சுவத்தைப் பார்த்துத் திரும்பிப் படுத்துட்டாரு. மறுநாள் சாயங்காலம் சம்சாரம் மிஷினைக் கொண்டுவந்து பக்கத்துல வெச்சாங்க. "ஒரு சின்ன பார்ட்டு போயிருந்தது, மாத்திட்டேன்"னாங்க. அடுத்த வாரமே முதல் இடம்.

மிஷினை மடியில வெச்சுக் கவுத்துப் பார்த்தாரு. பழைய துருப்பிடிச்ச ஸ்க்ரூ ஒண்ணும் இல்லை. நாலும் பொடிசா, பளபளன்னு, போன்ல போடுற ஸ்க்ரூ.

கடைக்கு ஒரு வாத்தியார் வந்திருந்தாரு. போன்ல சத்தமே வரலைன்னு ஒரே புகார். சம்சாரம் அந்தப் பக்கம் திரும்பியிருந்தாங்க. டிரைவர் கடை மேஜையில இருந்த ஸ்க்ரூ டிரைவரை எடுத்து மிஷினைத் திறந்தாரு.

உள்ள பழசு ஒண்ணுமே இல்லை. உள்ளங்கை அகலத்துக்கு, எமுலேட்டர் ஓடுற ஒரு புது போர்டு. கேசட் சொருகுற இடத்துல ஒரு குட்டி சுவிட்ச். இவரு தினம் ஊதி ஊதி பக்தியா சொருகின கேசட், அந்த சுவிட்சை அமுக்குறதைத் தவிர ஒரு வேலையும் செய்யலை.

மூலையில துணி சுத்தி இறுக்கிக் கட்டின ஒரு இரும்புத் துண்டு. சுத்தியிருந்த துணி அவரோட பழைய யூனிபார்ம் சட்டைக் கை. எதுக்கு இதுன்னு புரியலை. வெளிய எடுத்துட்டு மிஷினைத் தூக்கிப் பார்த்தாரு. காத்து மாதிரி இருந்தது.

கனம் குறைஞ்சா மனுஷன் கண்டுபிடிச்சுடுவாருன்னு வெச்ச இரும்பு.

அதைப் பழையபடி உள்ள வெச்சு, ஸ்க்ரூ நாலையும் முடுக்கினாரு.  அப்புறம் மத்த ரெண்டு நடுவருக்கும் டைப் அடிச்சாரு.

'சுண்டெலி முதல் இடம். என் நேரத்துக்குப் பக்கத்துலயும் எமுலேட்டர்னு போடுங்க. எப்படின்னு கேக்காதீங்க. எனக்கே இப்பதான் தெரியும்.'

வாத்தியார் போனாரு. அவரு போன் சைலன்ட்ல இருந்திருக்கு.

"என்ன முடிவாச்சு? சுண்டெலி உள்ளயா, வெளியிலயா?"

"உள்ளதான். முதல் இடம்."

"மிஷின் பொய்னீங்களே?"

"கை அவனோடதுதானே."

வாசல்ல கண்டக்டர் குரல். "அண்ணே! ட்ரிப்புக்கு நேரமாச்சு, வாங்கண்ணே!"

"இதோ வந்துட்டேன்!"

அவரு செருப்பை மாட்டும்போது, சம்சாரம் போன்ல இருந்து தலையை நிமித்தாமலே சொன்னாங்க.

"போறது சரி. பாக்கெட்ல இருக்கிற என் ஸ்க்ரூ டிரைவரை வெச்சுட்டுப் போங்க."