வழி சொல்ல வந்தவன்

"பெங்களூர் வேலை போயிட்டுன்னு அங்கன உளறி வைக்காதல. யாரும் கேட்டா, வீட்டுல இருந்தே வேலை பாக்கேன்னு சொல்லு" என்றாள் சாரம்மாள், மகனின் சட்டையைத் தேய்த்தபடி.

மெர்வின் சட்டையை வாங்கி மாட்டிக்கொண்டான். எட்டு மாதமாகத் தெருவிலும் சர்ச்சிலும் சொல்லிவரும் பொய்தான். இன்றைக்கு அதை மைக்கில் சொல்ல வேண்டும்.

பாளையங்கோட்டையில் அவன் படித்த கல்லூரியில், இந்த வருஷம் பட்டம் வாங்கியவர்களுக்கு ஒரு கூட்டம். பழைய மாணவன் ஒருவன் வந்து, வாழ்க்கையில் வழி தேடிக்கொள்வது எப்படி என்று பேச வேண்டும். அழைத்தவள் வித்யாலக்ஷ்மி. கூடப் படித்தவள், இப்போது அங்கேயே விரிவுரையாளர். இரண்டு முறை தட்டிக் கழித்துப் பார்த்தான். அவள் விடவில்லை.

"நம்ம பிள்ளை, பெங்களூர்ல பெரிய பொறுப்புல இருக்காரு" என்று துறைத் தலைவர் அறிமுகப்படுத்தினார். நல்ல கைதட்டல்.

மெர்வின் பேசினான். "கிடைச்ச வேலையில போய்ச் சிக்கிக்காதீங்க. மனசுக்குப் பிடிச்சது வர்ற வரைக்கும் காத்திருங்க." இணையத்தில் பார்த்து எழுதிவந்தது. தன் குரலே யாருடையதோ போல அவன் காதில் விழுந்தது.

மறுபடியும் கைதட்டல். ஓரமாக நின்றிருந்த வித்யா மட்டும் தட்டவில்லை.

கூட்டம் கலைகையில் ஒரு பெண் அவனிடம் வந்தாள்.

"சார், நான் தஸ்லிமா. கங்கைகொண்டான்ல ஒரு உதிரிபாகக் கம்பெனியில வேலை வந்திருக்கு. தரம் பாக்குற பிரிவு. திங்கக்கிழமை சேரணும். வாப்பா சேருன்னு சொல்லுதாவ, நான்தான் குழம்பிக்கிட்டு இருந்தேன். உங்க பேச்சைக் கேட்டதும் தெளிவாயிட்டு. வேண்டாம்னு மெயில் அனுப்பிருதேன்."

கையில் போன் தயாராக இருந்தது.

"எந்தக் கம்பெனிம்மா?"

சொன்னாள். மெர்வின் அக்கம்பக்கம் பார்த்தான். துறைத் தலைவர் பக்கத்திலேயே நின்றார். சுற்றிலும் பத்திருபது பேர். இங்கே வாயைத் திறந்தால் சாயங்காலத்துக்குள் சர்ச் வரைக்கும் போய்விடும்.

"அனுப்பாதம்மா" என்றான்.

"ஏன் சார்?"

"நானும் அங்கதான் வேலை பாக்கேன். அதே பிரிவு."

அவள் புரியாமல் பார்த்தாள்.

"பெங்களூர் வேலை போயி எட்டு மாசம் ஆச்சு. பிடிச்சது வரட்டும்னு அஞ்சு மாசம் ரூமுக்குள்ளயே கிடந்தேன். இப்ப மேடையில சொன்னேன்லா, அதைத்தான் செஞ்சேன். ஒண்ணும் வரல. கடைசியில இங்க சேர்ந்தேன். ஷிப்ட் முழுக்க நிக்கணும், கால் கடுக்கும். ஆனா சொல்லிக் குடுப்பாங்க. பிடிக்கலைன்னா அங்க இருந்துக்கிட்டே வேற தேடு. நானும் தேடிக்கிட்டுத்தான் இருக்கேன்."

துறைத் தலைவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

பின்னால் நின்ற ஒருவன் மெல்லக் கேட்டான். "சார், வேலை போனதை வீட்டுல எப்படிச் சொன்னீங்க?"

மெர்வின் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். போகக் கிளம்பியவர்களும் திரும்பி வந்தார்கள். ஒரு கேள்வி முடியும் முன் அடுத்தது வந்தது. எழுந்திருக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது.

கேட் வரை வித்யா கூட வந்தாள். அவனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"மன்னிச்சிரு வித்யா. பெங்களூர் ஆளுன்னு நம்பிக் கூப்பிட்ட. உன் பேரையும் கெடுத்துட்டேன்."

"யாரு நம்பினா?" என்றாள் அவள். "தெரிஞ்சவங்க கண்ணுல படக்கூடாதுன்னு வண்ணார்பேட்டை வரைக்கும் வந்து நீ கம்பெனி பஸ் ஏறுததை, எதிர்ப்பக்கம் காலேஜ் பஸ்ஸுக்கு நின்னு தினமும் பாத்துக்கிட்டுதான இருக்கேன். பெரிய வேலையில இருக்கவங்க வருஷா வருஷம் வந்து பேசிட்டுப் போயிட்டாங்க மெர்வின். வேலை போனவன் மறுபடி எப்படி எந்திரிச்சு பஸ் ஏறுதான்னு இந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லத்தான் ஆள் இல்லாம இருந்துச்சு."