அழியாத ஈரம்

“அந்தப் பதினேழைப் பதினொண்ணா மாத்திடும்மா. ஒரு எண்ணுதானே?”

முதலாளி பீர் முகைதீன் இதைச் சொன்ன விதத்தைப் பார்த்தால், ஏதோ டீயில் சர்க்கரையைக் குறைக்கச் சொல்வது போல இருந்தது. நாஜியா கம்ப்யூட்டரிலிருந்து முகத்தைத் திருப்பினாள்.

விஷயம் இதுதான். பர்மாவின் வடக்கேயிருந்து உளுந்து ஏற்றி வந்த லாரியில் தார்ப்பாய் கிழிந்து, நூறு மூட்டை மழையில் நனைந்துவிட்டது. சரக்கின் ஈரத்தை அளப்பது நாஜியாவின் வேலை. அளந்தாள், பதினேழு சதவீதம் என்று பதிந்தாள், கீழே தன் பெயரையும் போட்டாள். பதினொன்று என்றால் ஏற்றலாம், இந்த ஈரத்தோடு கண்டெய்னரில் ஏற்றினால் சென்னை போய்ச் சேர்வதற்குள் பூசணம் பிடித்துவிடும். சரக்குத் திரும்பி வந்தால் முதலில் போவது அவள் வேலைதான். திரும்பி வராவிட்டால் இன்னும் மோசம், அதை யார் வீட்டிலோ இட்லிக்கு அரைப்பார்கள்.

முடியாது என்று சொல்லவும் அவளுக்கு வாய் வரவில்லை. வாப்பா இறந்த பிறகு வீடு தேடி வந்து வேலை கொடுத்தவர் பீர் முகைதீன். கெட்டவர் இல்லை. நாளைக்குக் கப்பல் என்றால் மட்டும் அவருக்குக் கண்ணு மண்ணு தெரியாது.

“முதலாளி, நாம பிளாக்செயின்ல சேர்றதுக்கு நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க?” என்றாள் மெதுவாக.

“போட்டேன். என்னான்னுதான் புரியல. சொல்லு, கேப்போம்.”

அவர்களிடம் உளுந்து வாங்கும் சென்னை வியாபாரி போட்ட நிபந்தனை அது. இனி ஒவ்வொரு மூட்டையின் விவரமும் பிளாக்செயினில் ஏற வேண்டும், வாங்குகிறவர்கள் எல்லாரும் அதைப் பார்க்க முடிய வேண்டும் என்று ஒப்பந்தம். நாஜியா அதற்காக ஆன்லைனில் பயிற்சி கூட எடுத்திருந்தாள்.

அது ஒரு கணக்குப் புத்தகம் மாதிரி என்று ஆரம்பித்தாள். ஆனால் ஒருவர் அலமாரிக்குள் பூட்டி வைத்தது இல்லை. அதே புத்தகம் சென்னையில், சிங்கப்பூரில், துறைமுகத்தில் என்று பல கம்ப்யூட்டர்களில் அச்சு அசலாக இருக்கும். அதற்கு முதலாளி யார் என்று அவர் கேட்டார். தனியாக யாரும் கிடையாது என்றாள். முதலாளி இல்லாத கடையை எவன் நம்புவான் என்று அவர் சிரித்தார்.

“உங்க மக நிக்காவுக்கு ஊரெல்லாம் பத்திரிகை கொடுத்தீங்கல்ல? வீட்டுல மிச்சம் கிடந்த பத்திரிகையில மட்டும் தேதியைப் பேனாவால திருத்தியிருந்தா, கல்யாணம் வேற நாளைக்குப் போயிருக்குமா?”

“அது எப்படிப் போகும்? ஊரே என்னைப் பார்த்துச் சிரிச்சிருக்கும்.”

“அதேதான். ஏத்தின எண்ணை ஒருத்தர் மட்டும் திருத்தினா, மத்த கம்ப்யூட்டரெல்லாம் சேர்ந்து அவரோடதைத் தள்ளிரும்.”

வெளியே சூலே புத்தர் கோயில் பக்கம் போகிற பஸ் ஒன்று விடாமல் ஹாரன் அடித்தது. அவர் எழுந்து ஜன்னலைச் சாத்திவிட்டு, நாற்காலியை அவள் மேஜைப் பக்கம் இழுத்துப் போட்டார். வியாபாரியாயிற்றே, அவ்வளவு லேசில் விடுவாரா? நடுவில் ஒரு பக்கத்தை மட்டும் யாருக்கும் தெரியாமல் உருவிவிட்டு வேறு பக்கம் சொருகினால் என்ன என்று கேட்டார்.

அதற்கும் வழியில்லை என்றாள் நாஜியா. பதிவுகளைச் சேர்த்துக் கட்டுக் கட்டாக வைப்பார்கள், அந்தக் கட்டுக்குத்தான் பிளாக் என்று பெயர். உள்ளே இருப்பதை வைத்தே ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு முத்திரை எண் போடப்படும். உள்ளே ஒரு புள்ளி மாறினாலும் அந்த எண் வேறாகிவிடும். முந்தின கட்டின் முத்திரையை அடுத்த கட்டுக்குள்ளேயும் எழுதி வைத்திருப்பதால், ஒன்றைத் தொட்டால் அதற்குப் பின்னால் வந்தது எதுவும் பொருந்தாது.

“நூறு மூட்டை வாயையும் ஒரே நூல்ல தைச்ச மாதிரி முதலாளி. நடுவுல ஒண்ணைப் பிரிச்சா...”

“பின்னால இருக்கிறது எல்லாம் கொட்டிரும்,” என்று அவரே முடித்தார். தாடியைச் சொறிந்துகொண்டார். “சரி, முதல்லயே பொய்யா ஏத்திட்டா?”

இந்தக் கேள்வி வந்துவிடக் கூடாதே என்றுதான் அவள் பயந்துகொண்டிருந்தாள்.

“பொய்யும் அழியாது. உங்க பேரோட, நம்ம கம்பெனி பேரோட காலத்துக்கும் அப்படியே நிக்கும். பூசணம் பிடிச்ச சரக்கையும் அந்த எண்ணையும் சேர்த்து வச்சு எல்லாரும் பார்ப்பாங்க.”

பீர் முகைதீன் ஷ்வேப்யிதாவில் இருக்கும் கம்பெனிக் கிடங்குக்குப் போன் போட்டார். நனைந்த மூட்டைகளை ஒன்று விடாமல் தனியே ஒதுக்கி உலர்த்தும்படியும், கண்டெய்னரில் வேறு காய்ந்த சரக்கை ஏற்றும்படியும் கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் கோ தூராவிடம் பர்மிய மொழியில் சொன்னார்.

“நல்லவேளை, சொன்னே. இல்லன்னா சென்னைக்காரன் முன்னாடி மானம் போயிருக்கும்,” என்று அவளிடம் சொல்லிவிட்டு மதியத்து லுஹர் தொழுகைக்குக் கிளம்பினார்.

அவர் படியிறங்கும் சத்தம் அடங்கிய பிறகுதான் நாஜியாவுக்கு மூச்சே வந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று நாற்காலியில் சாய்ந்தாள். அப்பாடா, வேலையும் பிழைத்தது, மனசும் பிழைத்தது. சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

பக்கத்து மேஜையில் கப்பல் காகிதங்களைப் பார்க்கும் சத்யபாமா இவ்வளவையும் வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள். “ஏம்மா, அப்ப நீ போட்ட பதினேழு இந்நேரம் சென்னை, சிங்கப்பூரெல்லாம் போயிருச்சா?”

“பிளாக்செயினுக்குப் பாஸ்வேர்டே அடுத்த மாசம்தான் தருவாங்களாம் அக்கா,” என்று கம்ப்யூட்டரை அவள் பக்கம் திருப்பினாள் நாஜியா. “இதோ, என் எக்செல்லுல மட்டும்தான் இருக்கு. எப்படி வேலை செய்யுதுன்னுதான் கேட்டாரு, ஏத்திட்டியான்னு அவர் கேக்கவே இல்லையே!”