இன்னொரு கையெழுத்து

மூன்றாவது தடவையாக டெக்னீஷியனுக்குப் போன் போட்டுப் பொரிந்து தள்ளினார் அறிவியல் வாத்தியார்.

"நான் எழுதறதை போர்டு தானா அழிக்குதும்மா. அழிச்சுட்டு அதையே திரும்ப எழுதுது. வேற கையெழுத்துல."

முதல் தடவை, ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொன்னாள் அந்தப் பெண். அடுத்த தடவை, பேனாவை மாற்றச் சொன்னாள். இதோ வருகிறேன் என்று சொல்லிவிட்டு இத்தனை நாளும் டிமிக்கி கொடுத்தாள்.

பேய் என்று யாராவது வாயெடுத்தால் கிண்டலடித்தே ஓட்டிவிடுபவர் அவர். ஆனால் வகுப்பறையின் அந்தத் தொடுதிரை போர்டில் எழுத்துகள் சத்தமில்லாமல் கரைந்து, வேறு சாய்வான எழுத்துகள் ஊர்ந்து வருவதைப் பார்த்ததிலிருந்து, அந்த அறைக்குள் தனியாகப் போவதையே விட்டுவிட்டார்.

அதைவிட பயமுறுத்தியது வகுப்புதான். எந்நேரமும் கூத்தடிக்கிற பிள்ளைகள், அந்த நேரத்தில் மட்டும் டேப்லெட்டில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு மூச்சுவிடாமல் இருந்தார்கள். ஒருத்தரும் நிமிரவில்லை.

போன வருஷம் அதே அறையில் பாடம் நடத்திய டீச்சர் இப்போது உயிரோடு இல்லை. அவர் எழுத்தும் சாய்வாகத்தான் இருக்கும் என்று ஸ்டாஃப் ரூமில் ஒருவர் கொளுத்திப் போட்டிருந்தார்.

ஒருவழியாக டெக்னீஷியன் வந்தாள். பிள்ளைகள் விளையாட்டுப் பீரியடுக்குப் போயிருந்தார்கள். ஒயர்களையும் பிள்ளைகளின் டேப்லெட் இணைப்பையும் பார்த்துவிட்டு, ஒரு வரி எழுதிக் காட்டச் சொன்னாள்.

எழுதினார். இருவரும் காத்திருந்தார்கள். ஃபேன் மட்டும் சுற்றியது. எழுத்து அசையவேயில்லை.

"ஆளைப் பாத்து ஆட்டம் காட்டுது பாரும்மா" என்றார் எரிச்சலாக.

அவள் போர்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, எழுதியதை ஒருதரம் வாசிக்கச் சொன்னாள்.

"பூமி சூரியனைச் சுற்றி வருகிறது."

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள்.

"சார்... அங்க அப்படி இல்ல. 'சூரியன் பூமியைச் சுற்றி வருகிறது'ன்னு எழுதியிருக்கீங்க."

சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் படித்தார். அவருடைய கையெழுத்துதான்.

மணி அடித்தது. வியர்வையும் புழுதியுமாகப் பிள்ளைகள் உள்ளே வந்தார்கள். போர்டைப் பார்த்ததும் பேச்சு நின்றது. யாரும் சிரிக்கவில்லை. முன்பெஞ்சுப் பெண் மெல்ல உட்கார்ந்து, டேப்லெட்டைத் திறந்து, விரலால் ஏதோ எழுதினாள்.

போர்டில் அந்த வரி அழிந்தது. சாய்வான எழுத்தில், பூமி சூரியனைச் சுற்ற ஆரம்பித்தது.

டெக்னீஷியன் அவள் பக்கம் திரும்பினாள். அந்தப் பெண் டேப்லெட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"போர்டுலதான் ஏதோ கோளாறுக்கா. எங்க சாருக்கு ஒண்ணுமில்ல."