இருபத்து நாலாவது கையெழுத்து

"கையெழுத்து வாங்கவா வந்தே? இன்னா தைரியம் இருந்தா என் கடைப் படி ஏறுவே?"

லாசரஸ் சால்டரிங் அயர்னைத் தூக்கிக்கொண்டே கத்தினார். தாம்பரம் மார்க்கெட் சந்தில் இருந்த அந்த ரிப்பேர் கடையில் இரண்டு பேர் நின்றால், மூன்றாவது ஆள் தெருவில்தான் நிற்க வேண்டும். வெண்ணிலா பயப்படவில்லை. ஸ்டூலில் கிடந்த உடைந்த மிக்சியை நகர்த்திவிட்டு உட்கார்ந்தாள்.

"திட்டி முடிச்சதும் சொல்லுங்கண்ணா. பேனா நான் கொண்டுவந்திருக்கேன்."

"குமரவேல் சாரு கம்பெனிய வித்துட்டாரு, சரி. அவரால ஓட்ட முடியல. நீ எதுக்கு வாங்குனவனுக்காக வூடு வூடா போய் கையெழுத்து பொறுக்கிகினு கீறே? நீயும் கோவிலம்பாக்கத்துல குடத்தோட நின்ன பொண்ணுதானே?"

அவள் முகம் கறுத்தது.

"நின்னேன். அதனாலதான் படிச்சேன். எங்க குடும்பத்துலயே முதல் டிகிரி என்னுது. வேலைன்னு வந்தா சொன்னதைச் செஞ்சுதான் ஆகணும்."

லாசரஸ் சுவரைப் பார்த்தார். மாதா படத்துக்குக் கீழே உள்ளங்கை அளவு சர்க்யூட் போர்டு ஒன்று, பின்பக்கம் தெரியும்படி தொங்கியது. குமரவேல் உருவாக்கிய 'தண்ணிமணி'. தெருக்குழாயில் தண்ணீர் வந்தால் மணி அடிக்கும். அதன் வரைபடத்தை அவர் இன்டர்நெட்டில் எல்லோருக்கும் திறந்து வைத்தார். யாரும் பார்த்துச் செய்யலாம், விற்கலாம், திருத்தலாம். திருத்தியவர் பெயர் போர்டின் பின்பக்கத்தில் அச்சாகும்.

அப்படி இருபத்து நாலு பெயர்கள். பழைய செல்போன் சார்ஜரிலேயே மணி ஓடும்படி செய்ததற்காக, எட்டாம் வகுப்பு தாண்டாத லாசரஸுக்கு அதில் ஒன்பதாவது இடம்.

இப்போது கம்பெனியை வாங்கியவர்கள் வரைபடத்தைப் பூட்டப் பார்க்கிறார்கள். ஆனால் இருபத்து நாலு பேரும் எழுதிக் கொடுத்தால்தான் முடியும் என்று அவர்கள் வக்கீலே சொல்லிவிட்டார். ஒருவர் மறுத்தாலும் அது திறந்தேதான் இருக்கும்.

"நான் ஒருத்தன் போடலேன்னா போதும்" என்றார் லாசரஸ். "மேடவாக்கம் வரைக்கும் எத்தினி ஜனம் தானே செஞ்சு மாட்டிகினு கீது! அதுங்க கையைக் கட்டிப்போடச் சொல்றியா?"

"போடலேன்னா உங்களுக்கு சர்வீஸ் சென்டர் கிடையாது. போட்டா, இதோ இந்த ரெண்டாவது தாள் உங்களுக்கு. அவங்க பம்பு, மோட்டார் ரிப்பேர் எல்லாம் மூணு வருஷத்துக்கு இந்தக் கடைக்குத்தான். மேனேஜர் கையெழுத்து போட்டாச்சு. வரிக்கு வரி நானே டைப் பண்ணேன். எது நடந்தாலும் திருப்பி வாங்க முடியாது."

"அந்த பட்டு போட்டுச்சா?"

வெண்ணிலா பேனா மூடியைத் திறந்தாள். "எந்த பட்டு?"

"கடைசிப் பேரும்மா. மூஞ்சியே பாத்ததில்ல. ஆனா மெயில்லயே பேயோட்டும். என் பொண்ணு ஸ்டெல்லா படிச்சுக் காட்டும், எனக்கு சிரிப்பு தாங்காது. தண்ணி வர்றதுக்கு முன்னாடி குழாயில காத்து வருதுல்ல, அதுக்கே மணி அடிச்சிகினு இருந்துச்சு. 'குழாய்கிட்ட நிக்காதவன் செஞ்ச மணி இது'ன்னு எங்க எல்லாரையும் கிழிச்சிட்டு, ஒரே வாரத்துல சரி பண்ணிச்சு. அது போடாது."

"அவங்களை நான் பாத்துக்கறேன். ஸ்டெல்லா பாலிடெக்னிக்ல ரெண்டாவது வருஷமா?"

லாசரஸ் சால்டரிங் அயர்னைக் கீழே வைத்தார்.

"கடையில வேலை இல்லேன்னு அவளை நிறுத்திட்டு எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு பட்டன் தைக்க அனுப்பப் போறீங்களா? நீங்க நியாயம் பேசிட்டு உக்காந்திருப்பீங்க. படிப்பு போறது அவளுக்கு. அது எப்படி வலிக்கும்னு எனக்குத் தெரியும். போடுங்கண்ணா!"

கடைசி வார்த்தையில் அவள் குரல் உடைந்தது. லாசரஸ் பேனாவை வாங்கினார். எழுத்துக் கூட்டி, முழுப் பெயரையும் எழுதினார். பிறகு எழுந்துபோய் சுவரில் இருந்த போர்டைத் திருப்பி மாட்டினார். பெயர்கள் சுவர்ப்பக்கம் மறைந்தன.

"போம்மா. இனிமே இந்தப் பக்கம் வராதே."

வெண்ணிலா இரண்டாவது தாளை மடித்து அவர் சட்டைப் பையில் அவளே வைத்தாள்.

சந்து முனையில் காரில் காத்திருந்த மேனேஜர் தட்சிணாமூர்த்தி, வியர்வையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார். "முடிஞ்சுதா? எக்ஸலன்ட்! இன்னைக்கே ஹெட் ஆபீசுக்கு ஃபேக்ஸ் பண்ணிடலாம்."

தாள்களை வாங்கி எண்ணினார். நெற்றி சுருங்கியது.

"இருபத்து மூணுதானே இருக்கு? யாரும்மா இந்த பட்டு? அட்ரஸே இல்ல. அந்தம்மாவைப் போய்ப் பாத்தீங்களா?"

"அவங்க போடமாட்டாங்க சார்."

"நீங்களே எப்படிச் சொல்றீங்க?"

வெண்ணிலா கழுத்தில் தொங்கிய கம்பெனி அடையாள அட்டையைக் கழற்றி, லாசரஸின் மேசையில் வைத்தாள்.

"பட்டு எங்க அம்மா பேரு சார், அவங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. காலேஜ் படிக்கும்போது அந்தப் பேர்ல மெயில் போட்டுத் திட்டினதும், மணியைச் சரி பண்ணதும் நான்தான்" என்றவள், லாசரஸின் பக்கம் திரும்பினாள். "அண்ணா, பையில வெச்ச தாளை பத்திரமா வெச்சுக்கோங்க."