டாரட் பழகிய மூன்று நாள்

தன்னைத் தானே அறிந்துகொள்ள சோனோரா சந்தையில் விலை நானூறு பேசோ. ஓஃபேலியா பேரம் பேசி, குறி சொல்லும் டாரட் சீட்டுக்கட்டு ஒன்றை முந்நூறுக்கு முடித்தாள்.

"புது டாரட் கட்டு புது மருமக மாதிரி, அம்மணி," என்றாள் கடைக்காரி. "மூணு நாள் தலையணைக்கடியில வெச்சுப் பழக்குங்க. அப்புறம்தான் மனசுல உள்ளதைச் சொல்லும்."

வீட்டில் கணவர் எவரிஸ்தோ விடவில்லை. "கிழவி, முதல் சீட்டு எனக்குத்தான்!"

அவருக்கு இன்னும் ஆறு மாதம்தான் என்று டாக்டர் அவளிடம் மட்டும் சொல்லி ஒரு வாரமாகிறது. அன்றிலிருந்து அவளுக்கு அழுகைகூட வருவதில்லை. அவர் கையில் மரணச் சீட்டு வந்து தொலைத்தால்?

மூன்றாம் நாள் காலை, அவர் குளிக்கப் போனதும், அந்த ஒன்றை மட்டும் உருவிவிடக் கட்டைப் பிரித்தாள். இரண்டு முறை தேடியும் மரணச் சீட்டைக் காணோம். கடைக்காரி ஏமாற்றிவிட்டாளா?

எவரிஸ்தோ தலையைத் துவட்டிக்கொண்டே வந்தார். "தைரியமா குலுக்கு. நீ பயப்படுற சீட்டை நான் முந்தாநாளே எடுத்துட்டேன்."

"உனக்கு யாருய்யா சொன்னா?"

"யார் சொல்லணும்? நாப்பது வருஷத்துல முதல் தடவையா, ஒரு வாரமா நீ என்னைத் திட்டவேயில்லையே!"

எழுபத்தெட்டு சீட்டில் ஒன்று போக, மீதி எழுபத்தேழையும் குலுக்கி அவரிடம் நீட்டினாள்.