பேர் இல்லாத விண்ணப்பம்

பேர் இல்லாத விண்ணப்பத்திலேயே ஆளைக் கண்டுபிடித்துவிட்டாள் புவனேஸ்வரி. "அவரேதான்!" என்று மடிக்கணினியைப் புருஷன் வீரமணி பக்கம் திருப்பினாள். கரும்புக் கொல்லையிலிருந்து வந்தவன் இன்னும் காலைக்கூடக் கழுவவில்லை.

"எவரு?"

"என் பிஎச்.டி. கைடு, சிவப்பிரகாசம் சார். நான் கண்டுபிடிச்ச கேலக்சி பத்தின கட்டுரையில அவரு பேர முதல்ல போட்டுக்கிட்டு, என்னை அஞ்சாவதா தள்ளினாரே, அதே கேலக்சி! இப்ப அதப் பாக்க டெலஸ்கோப்புல பதிமூணு மணி நேரம் கேக்கறாரு."

விண்வெளியில் இருக்கும் அகச்சிவப்புத் தொலைநோக்கி அது. ஆயிரத்து முந்நூறு கோடி வருஷத்துக்கு முன் கிளம்பிய வெளிச்சத்தைப் பிரித்து, அங்கே ஆக்சிஜன் இருந்ததா என்று சொல்லிவிடும். அதில் நேரம் கேட்டு உலகமே வரிசையில் நிற்கிறது.

யாருக்குக் கொடுக்கலாம் என்று மதிப்பெண் போடுகிறவர்களில், பாகூர் வீட்டில் உட்கார்ந்தபடியே, புவனேஸ்வரியும் ஒருத்தி. வேண்டியவர், வேண்டாதவர் பார்த்துவிடக் கூடாதென்று விண்ணப்பங்களைப் பேர் நீக்கித்தான் அனுப்புவார்கள்.

"பேரே இல்ல, எப்டி அவருதான்ற?"

"ஆறு வருசம் கூட இருந்தேனே! எடுத்த எடுப்புல ஒரு கேள்வி, அடுத்த வரியிலயே பதில். அவரு பழக்கம் அது."

"நீ எழுதறதும் அப்டித்தான கீது?"

"அவருகிட்ட படிச்சா வேற எப்டி வரும்?"

"தெரிஞ்சவங்களோடதுன்னா நாம வெலகிக்கணும்னு நீதான சொன்ன? வுட்டுரு புவனா."

விலகுவதா? அத்தனை வருஷம் நெஞ்சில் கிடந்து எரிந்தது சும்மா விடுமா! விண்ணப்பம் அருமையானது என்று அவளுக்கே தெரியும். தெரிந்தே, 'இதனால் புதிதாக எதுவும் தெரியப்போவதில்லை' என்று எழுதி, இருப்பதிலேயே மோசமான மதிப்பெண்ணைப் போட்டாள். உடனே அனுப்பியும்விட்டாள்.

இரண்டு மாதம் கழித்து முடிவு வந்தது. அந்தக் கேலக்சிக்கு நேரம் கிடைக்கவில்லை. அன்றைக்கு வயிறாரச் சாப்பிட்டாள் புவனேஸ்வரி.

மறுநாள் சாயங்காலம் வாசலில் ஒரு ஸ்கூட்டி வந்து நின்றது. அரியாங்குப்பத்து ஸ்டெல்லா. சிவப்பிரகாசத்திடம் இப்போது ஆராய்ச்சி செய்கிற பெண். அழுது அழுது முகமே வீங்கியிருந்தது.

"படிப்ப வுட்டுடப் போறேன்க்கா. அந்தக் கேலக்சிக்கு டைம் குடுக்கல. இதுவும் கிடைக்கலன்னா கல்யாணம்தான்னு வூட்ல முன்னயே சொல்லிட்டாங்க."

"உன் சாருக்கு நல்லா வேணும்! நீ எதுக்கு அழற? எத்தினி பேரு உழைப்ப அவரு பேர்ல போட்டுக்கிட்டாரு!" சொல்லச் சொல்லப் புவனேஸ்வரிக்கு மனசு குளிர்ந்தது.

ஸ்டெல்லா துப்பட்டாவால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"அவரு உங்களுக்குச் செஞ்சது தெரிஞ்சுதான்க்கா, சாருக்கே சொல்லாம, அந்த விண்ணப்பத்த என் பேர்ல மட்டும் போட்டேன்."